படுக்க வைத்த கராத்தே

1. கேமராவில் தெரிந்த கை

மதிய ஷிப்ட் மாறுகிற நேரம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் கவளம் எடுக்கும்போது போன் அடித்தது. எங்கள் ஆள் ஒருவர் மூச்சு வாங்கப் பேசினார்.

"சார், மெயின் கேட்டாண்ட நம்ம தனத்த ஒருத்தன் கீழ தள்ளி மேல ஏறி உக்காந்துக்கினான். லாரி டிரைவருங்கதான் புட்ச்சி இழுத்தாங்க. சீக்கிரம் வா சார்."

டப்பாவை மூடிவிட்டு பைக்கை எடுத்தேன்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் காவலாளிகளை அனுப்பும் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் ஃபீல்டு ஆபீசர். பெயர்தான் ஆபீசர். மீஞ்சூரிலிருந்து ஆரம்பாக்கம் வரை பைக்கில் சுற்றி, எந்த போஸ்ட்டில் ஆள் இல்லை, எங்கே ஷிப்ட் மாற்றிவிடும் ரிலீவர் வரவில்லை, யார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்துக் கத்துவதுதான் வேலை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஏஜென்சியில் கேட்டார்கள். நான் கத்தியதை எழுதி யாருக்கு என்ன லாபம்? என் கண்ணெதிரே எஸ்தர் செய்ததைத்தான் எழுத வேண்டும்.

எஸ்தர் எங்கள் பெண் காவலாளிகளுக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்தவர். வள்ளூர்க்காரர். கறுப்புப் பட்டையில் மூன்றாம் நிலை. அனல் மின் நிலையத்துச் சங்கு ஊதும்போதும் தன் குரல் கேட்கும் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார், அது பொய்யும் இல்லை. தனம் அவருடைய முதல் மாணவி. பழுப்புப் பட்டை. ஏஜென்சி ஆண்டு விழாவில் ஓடு உடைத்துக் காட்டி எல்லாரையும் கைதட்ட வைத்தவர்.

நான் போய்ச் சேர்ந்தபோது தனம், தான் காவல் பார்க்கும் ஆலையின் கேட் அறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில் கயிறு அழுத்திய சிவப்புத் தடம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு காண்டிராக்ட் தொழிலாளி உள்ளே போவேன் என்று அடம்பிடித்திருக்கிறான். தனம் மறித்திருக்கிறார். அவன் குடித்திருந்தான், தள்ளி மேலே ஏறிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் கேமராவில் பதிவானதைப் பார்த்த ஆலைத் தலைவருக்கு வேறொன்று கண்ணில் பட்டுவிட்டது. தனம் கீழே விழுகிறார். அவன் மார்பில் ஏறி உட்காருகிறான். தனம் அவனைத் தடுக்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து, அப்படியே கிடக்கிறார். அவன் கயிற்றை முறுக்கிய பிறகுதான் கை கால்களை உதறுகிறார்.

"இதுக்குப் பேர் கராத்தேவா? அவன் மேல உக்காந்துட்டிருக்கான், இந்தம்மா டாட்டா காட்டுறாங்க," என்றார் ஆலைத் தலைவர். "கேட்ல ஆம்பளைங்களப் போடுங்க. லேடீஸ ஹவுஸ்கீப்பிங்குக்கு மாத்திடுங்க. லேடி ஒர்க்கர்ஸ செக் பண்றதுக்கு மெஷின் வாங்கிக்கறோம்."

தனத்தின் அம்மா கழனி வேலைக்குக் கூலிக்குப் போனவர். அந்தக் கழனிக்காரர் வீட்டுப் பெண் இதே ஆலையில் அசெம்பிளி லைனில் இருக்கிறாள். தினமும் வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, தனத்தை "மேடம்" என்று கூப்பிடுவாள். அவள் எதிரில் துடைப்பம் பிடிப்பதைவிட வேலையை விட்டுவிடுவேன் என்று தனம் என்னிடம் சொன்னார். துடைப்பம் கேவலம் என்று அவர் சொல்லவில்லை. அந்த யூனிஃபார்மைக் கழற்ற முடியாது என்றுதான் சொன்னார். எனக்குப் புரிந்தது.

எஸ்தரை வரவழைத்தேன். பதிவை ஒருமுறை பார்த்தார். திரும்பவும் போடச் சொன்னார். அவர் முகம் வெளுத்துப் போனதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"சார்," என்றார் ஆலைத் தலைவரிடம், "அது டாட்டா இல்ல. எங்க கிளாஸ்ல யாராவது கீழ உழுந்தா கையத் தூக்கணும். நான் 'யாமே'ம்பேன். நிறுத்துன்னு அர்த்தம். ரெண்டு பேரும் நிறுத்திடுவாங்க, எயுந்து நின்னு மறுபடி ஆரம்பிப்பாங்க. இந்தப் பொண்ணு நான் சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சிருக்கு. நான் யாமே சொல்லுவேன்னு படுத்துக்கினு வெயிட் பண்ணியிருக்கு. தப்பு அவளுது இல்ல, என்னுது."

ஒரு மாஸ்டர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. ஆலைத் தலைவரும் எதிர்பார்க்கவில்லை. "சரி, ஒரு மாசம் தர்றேன். அதுக்கப்புறம் என் கண்ணு முன்னாடி காட்டுங்க. விழுந்தா என்ன பண்ணுவாங்கன்னு நான் பாக்கணும்," என்றார். போகிற போக்கில், "கார்டு யாரையும் அடிக்கக் கூடாது, அது கம்பெனி ரூல். ஞாபகம் இருக்கட்டும்," என்றும் சேர்த்துச் சொன்னார்.

2. நான் மெத்தையான கதை

கவரப்பேட்டையில் எங்கள் ஏஜென்சி ஆபீசுக்குப் பின்னால் ஒரு வண்டி நிறுத்தும் கொட்டகை. சிமென்ட் தரை. அதில்தான் கராத்தே வகுப்பு. விழுந்து பழக மெத்தை வேண்டும் என்றார் எஸ்தர். மெத்தைக்கு எங்கே போவது? ஆலையில் பெட்டி பிரித்துக் கழித்த ஃபோம் தாள்களை வாங்கி வந்து பரப்பினோம். மேலே யாரோ ஒரு வீட்டுக் காதுகுத்து விழா பேனரை விரித்தோம். வாழ்த்தும் தாய்மாமன்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்க, அவர்கள் முகத்தின் மேல்தான் எங்கள் பெண்கள் புரண்டார்கள்.

முதலில் எஸ்தரும் எல்லா மாஸ்டர்களும் செய்வதைத்தான் செய்தார். விழாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். காலை அகட்டு, இடுப்பை இறக்கு, இன்னும் இறக்கு. தனம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாஸ்டர், எவ்ளோ குந்தி நின்னாலும் எண்பது கிலோ ஆளு ஓடியாந்து தள்ளுனா உழுந்துதான் ஆவேன். உழுந்தப்பால இன்னா பண்றது? அத்த சொல்லு."

எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க எவ்ளோ வெயிட்டு?"

"எண்பத்தஞ்சு இருக்கும்."

"வாங்க, வந்து என் மேல உக்காருங்க."

எனக்கு வியர்த்துவிட்டது. நான் பெண்டு பிள்ளைகளோடு குடித்தனம் செய்கிறவன். முடியாது என்றேன். பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னிக்கு அவன் பர்மிஷன் கேட்டுக்கினா உக்காந்தான்?" என்று கத்தினார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தப்பித்தேன். என் மனைவி முழுதும் கேட்டாள். மறுநாள் நாஷ்டா கட்டிக்கொண்டு அவளும் கூடவே வந்து, கொட்டகை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "உக்காருங்க, நான் பாத்துக்கினுதான் கீறேன்," என்றாள். அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சமில்லை. அடுத்த வாரம் அவளே இறங்கிப் புரள ஆரம்பித்தாள் என்பது வேறு கதை.

எஸ்தர் மேல் உட்கார்ந்தேன். அவர் கீழேயிருந்து குத்தினார். ஓடு உடைக்கும் கை அது. எனக்குச் சட்டை தட்டிவிட்டதுபோல இருந்தது. திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்துவிட்டு, கையைத் தரையில் போட்டுக்கொண்டு மேல் தகரத்தையே பார்த்தபடி கிடந்தார். கராத்தேயில் குத்து கையிலிருந்து வருவதில்லை. குதிகால் தரையை அழுத்த, அந்தப் பலம் இடுப்பு வழியாகத் திரும்பிக் கைக்கு வர வேண்டும். மல்லாந்து கிடப்பவருக்குக் குதிகாலும் இல்லை, இடுப்பும் இல்லை. கை மட்டும்தான் மிச்சம். இத்தனை வருடம் படித்தது முதுகு தரையில் பட்டதும் காணாமல் போய்விட்டது.

அடுத்து அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. திருவள்ளூரில் ஒரு ஜூடோ பயிற்சிக்கூடம் இருந்தது. அங்கே போய், தன் கறுப்புப் பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களின் வரிசையில் கடைசியில் நின்றார். அந்த ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை. போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தவர். அவரைப் பள்ளிக்கூடப் பெண்கள் புரட்டிப் போட்டார்கள். எழுந்து, "இன்னொரு தபா போடு கண்ணு, எங்க புட்ச்சேன்னு பாக்கறேன்," என்றார். முட்டி தேய்ந்து, தோள் வீங்கி, ரயிலேறி வருவார். எனக்கு அந்த இடத்தில் கௌரவம்தான் முன்னால் வந்து நின்றிருக்கும். நான் போயிருக்க மாட்டேன்.

"அப்ப இனிமே ஜூடோவா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. அவங்க வெள்ள டிரஸ்ஸு, மெத்தை. இவங்க ஷூ, பெல்ட்டு, விசிலு. ஒரு மாசத்துல புதுசா எதையும் ஏத்த முடியாது. ஒடம்புல ஏற்கெனவே இன்னா கீதோ அதத்தான் படுக்க வைக்கணும்."

3. படுக்க வைத்தது எப்படி

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும்.

எஸ்தர் முதலில் தரையில் படுத்து, என்னை மேலே உட்கார வைத்து, முழங்காலை மடக்கி, இரண்டு பாதங்களையும் பிட்டத்துக்குப் பக்கத்தில் ஊன்றினார். "இது இன்னா?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "குதிரை நிலைடீ. தெனமும் நிக்கறீங்களே, அதேதான். படுத்துக்கினு பண்றேன், அவ்ளோதான்." பாதம் ஊன்றியதும் தொலைந்த குதிகால் திரும்பி வந்துவிட்டது. இடுப்பைத் தூக்கினார். மேலே இருந்த நான் வண்டி பள்ளத்தில் இறங்கியதுபோல முன்னால் சாய்ந்தேன்.

அடுத்தது இழுக்கும் கை. கராத்தேயில் ஒரு கை குத்தும்போது மறுகை முஷ்டியாக இடுப்புக்கு வர வேண்டும். ஹிகிதே என்பார்கள். அது பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வைத்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் கீழே கிடந்தபடி என் வலது மணிக்கட்டைப் பிடித்து அதே மாதிரி தன் இடுப்புக்கு இழுத்து ஒட்ட வைத்துக்கொண்டார். அதே பக்கத்துக் காலால் என் காலையும் கொக்கி போட்டார். பிறகு இடுப்பைத் தூக்கி அந்தத் தோள் பக்கமாகத் திரும்பினார். ஊன்றிக்கொள்ள எனக்கு அந்தப் பக்கம் கையுமில்லை, காலுமில்லை. ஒரு தாய்மாமன் முகத்தில் என் மூக்கு போய் இடித்தது. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். என் மனைவிதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள்.

தலைக்கு மேலே தூக்கும் மேல் தடுப்பை, அடியைத் தடுக்காமல், முன்னங்கை எலும்பை எதிராளியின் தாடைக்கு அடியில் முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினார். அடிப்பது இல்லை, முட்டுக்கட்டை. கம்பெனி ரூலையும் மீறவில்லை. பக்கவாட்டு உதையை, ஒருக்களித்துப் படுத்து, எதிராளியின் இடுப்பில் பாதத்தை வைத்துத் தள்ளப் பயன்படுத்தினார். தள்ளிவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் இழுத்து எழுந்தால், நிற்கும் நிலை எது தெரியுமா? முதல் நாள் வகுப்பில் சொல்லித்தரும், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நிற்கும் முன்னிலை. பெண்களுக்கு அது தூக்கத்திலும் வரும். புதிதாக ஒன்றுமே இல்லை. எனக்கு எஸ்தர்மேல் பொறாமையாகவே இருந்தது.

விழுந்தவர் கை தூக்கும் வழக்கத்தை அன்றோடு எடுத்துவிட்டார். விழுந்தால்தான் ஆட்டம் ஆரம்பம் என்றார். ஆனால் பழகிய வாய் கேட்குமா? யாராவது தடாலென்று விழுந்தால் "யாமே" என்று அவரே கத்திவிடுவார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவார். "மாஸ்டர், யாருக்கு வேண்டுதலு?" என்று தனம் கிண்டலடிப்பார். மாதக் கடைசியில்தான் அந்த வார்த்தை அவர் வாயை விட்டுப் போனது.

4. முரளி

ஆலைத் தலைவர் சொன்ன நாள் வந்தது. லோடிங் பே பக்கத்தில் ஃபோம் தாள்களை விரித்தோம். எங்கள் பெண் காவலாளிகள் எல்லாரும் ஓரத்தில் நின்றார்கள். நான் ஷூவைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றேன்.

"நீங்க வேணாம்," என்றார் ஆலைத் தலைவர். "உங்க ஆளு உங்க ஆளத் தள்றது டிராமா. முரளியக் கூப்பிடுங்க."

முரளி லோடர். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரன். ஆலைக் கபடி அணியில் பிடிப்பதற்கென்றே வைத்திருக்கிற ஆள். அவன் பிடித்தால் கோடு தொட்டவர் இல்லை என்பார்கள். விஷயத்தைக் கேட்டதும் நெளிந்தான்.

"சார், தனம் அக்கா மேல எப்படி சார்? தெனிக்கும் கேட்டுல வணக்கம் வெக்கறவன் நானு."

"கேம்தாம்பா. புடி."

தனம் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முரளி கும்பிட்டுவிட்டு இறங்கினான். கும்பிட்டதோடு மரியாதை முடிந்தது. பாய்ந்து இடுப்பில் கட்டி அப்படியே கீழே சாய்த்தான்.

நாங்கள் பழகியதெல்லாம் மார்பில் ஏறி உட்காரும் ஆளுக்கு. இவன் உட்காரவே இல்லை. கபடிப் பிடி. இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தலையை வயிற்றில் புதைத்து, கால்களை விரித்து, ஒட்டுப்பலகை மாதிரி படுத்துவிட்டான். தனம் பாதம் ஊன்றி இடுப்பைத் தூக்கினார். அசையவில்லை. இன்னொரு முறை தூக்கினார். அவன் இன்னும் இறுக்கினான். இழுத்து வைத்துக்கொள்ள அவன் கை எங்கேயும் எட்டவில்லை. தனத்தின் முகம் சிவந்து மூச்சு திணறியது. என் பக்கத்தில் எஸ்தர் துப்பட்டா முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். 'யாமே' வெளியே வந்துவிடக் கூடாது என்றுதான்.

"சரி, போதும், போதும். விடுப்பா," என்றார் ஆலைத் தலைவர்.

முரளி பிடியைத் தளர்த்தினான். தனம் நிறுத்தவில்லை. அந்த ஒரு நொடியில் முன்னங்கையைத் தாடையில் கொடுத்து, அவனைப் புரட்டி, எழுந்து முன்னிலையில் நின்றுவிட்டார். பெண்கள் கூச்சலிட்டார்கள்.

"சார், நீங்க போதும்னீங்க, அதான் உட்டேன்," என்றான் முரளி பரிதாபமாக.

"ஆமா, இது செல்லாது," என்றார் ஆலைத் தலைவர்.

நியாயம்தான். எனக்கே செல்லாது என்றுதான் தோன்றியது. எல்லாம் முடிந்துவிட்டது என்று தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தனம் பேசினார். குரல் எல்லாருக்கும் கேட்டது.

"சார், அன்னிக்கு கேட்டாண்ட எனக்கு யாரும் போதும்னு சொல்லல. இப்பவும் சொல்லாதீங்க. முரளி, மறுபடி வா. நல்லா புடி. நானா எயுந்தாத்தான் எயுந்ததா கணக்கு."

ஆலைத் தலைவர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் தலையாட்டினார்.

முரளி இந்த முறை கும்பிடவில்லை. முழு வேகத்தில் வந்தான். அதே பிடி. தனம் இடுப்பைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. அசையாமல் கிடந்து மூச்சைச் சேர்த்தார். பிறகு முன்னங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் தலைக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் நுழைத்தார். அது அவன் தாடைக்கு வந்தது. மறுகையால் தன் மணிக்கட்டைப் பிடித்து முட்டுக்கொடுத்து, அவன் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினார். தலை திரும்பினால் உடம்பு எவ்வளவு நேரம் திரும்பாமல் இருக்கும்? இடுப்பை மறுபக்கம் நகர்த்தினார். ஒரு விரல் இடைவெளி. இன்னொரு தடவை நகர்ந்தார். முழங்கால் உள்ளே போனது. முரளி கழுத்து நரம்பு புடைக்க இழுத்தான். தனம் ஒருக்களித்து, ஷூ காலை அவன் இடுப்பில் வைத்தார். உதைக்கவில்லை, நீட்டினார். அவன் கைகள் பிரிந்தன.

ஊன்றி, காலை இழுத்து, எழுந்து நின்றார். சட்டை பெல்ட்டை விட்டு வெளியே வந்து, கொண்டை அவிழ்ந்து, கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கைகள் இரண்டும் முன்னால். பார்வை முரளியை விட்டு நகரவில்லை. இது எதுவும் பயிற்சியில் இந்த வரிசையில் கிடையாது. நாங்கள் சொல்லிக் கொடுத்த துண்டுகளை அவரே அங்கே கோத்துக்கொண்டார்.

முரளி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "யக்கா, எங்க டீமுக்கு வந்துடு," என்றான்.

ஆலைத் தலைவர் முரளியைப் பார்த்தார், தனத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கேட்ல லேடீஸ் அப்படியே இருக்கட்டும். ஆம்பளை கார்டுங்களுக்கும் இது தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார்," என்றேன்.

"அப்ப இந்தம்மாவையே சொல்லித் தரச் சொல்லுங்க," என்று தனத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

பெண்கள் தனத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். எஸ்தரை மட்டும் காணவில்லை. தேடிப் போனால், சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் சுவரைப் பார்த்து நின்று, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். நான் தனத்தின் தொப்பியை இன்னும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? ஜெயிச்சாச்சே."

"அதுக்கில்லண்ணே. இத்தினி வருசமா ஒருத்தி கீழ உழுந்தா ஒடனே நிறுத்திடுவேன். கை குடுத்துத் தூக்கி உடுவேன். அதத்தான் பாசம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"பாசம்தானே அது?"

முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாசம்தாண்ணே. ஆனா கேட்டாண்ட நான் இருக்க மாட்டேனே."

வேலை சொல்லிக் கொடுக்கும் இடத்துக்கு நீங்களும் ஒரு நாள் வருவீர்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். எஸ்தரிடம் நான் கற்றது அதுதான்.